கூரை விளிம்பில் உறையும் பனிக்கட்டி: குறை வீட்டுக்குள்ளே இருக்கிறது

இந்தக் குளிர்காலத்திலும் அதே அழைப்புகள்தான். கூரையைப் புதிதாக வேய்ந்து அதிக நாளாகவில்லை. ஆனாலும் பனி விழுந்த சில நாள்களில் வெளிச்சுவரை ஒட்டிய சீலிங்கில் பழுப்புக் கறை படர்கிறது. வேலை செய்தவர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டுக்காரர் கொதித்துப்போய் நிற்கிறார். கூரைகளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், இப்படிப்பட்ட வீடுகளில் கூரைமேல் ஏறுவதற்கு முன், சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்கிற்குள் நுழைந்து பார்ப்பேன். பெரும்பாலும் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் வெளியே கொண்டுசெல்லப்படாமல் அங்கேயே திறந்துகிடக்கும். அதைச் சுற்றிய வெப்பக்காப்புப் பஞ்சு நனைந்து கறுத்திருக்கும். கூரைப்பலகையைத் துளைத்து வந்த ஆணிமுனைகளில் உறைபனி பூத்திருக்கும்.

விளக்குத் துளைகள், அட்டிக் கதவின் இடுக்கு, குழாய்களைச் சுற்றிய சந்துகள் ஆகியவற்றின் வழியே மேலேறும் வெதுவெதுப்பான காற்று கூரையைச் சூடாக்க, பனி அடியிலிருந்து உருகி வழிகிறது. சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்புக்குக் கீழிருந்து எந்த வெப்பமும் கிடைப்பதில்லை என்பதால், வழிந்த நீர் அங்கே உறைந்து அணையாக எழும்புகிறது. அதன் பின்னால் தேங்கும் நீர், கூரைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்த மெல்லிய தகடுகளான ஷிங்கிள்களுக்கு அடியில் புகுந்து உள்ளே சொட்டுகிறது. ஷிங்கிள்கள் நீரை வழியவிடுவதற்காக வேயப்பட்டவையே தவிர, குளம்போல் தேங்கும் நீரைத் தடுப்பதற்காக அல்ல; ஆகவே கூரை புதியதா பழையதா என்பது இங்கே பெரிய பேச்சே இல்லை.

இதைச் சொன்னதும், “அப்படியானால் அட்டிக்கில் ஒரு ஹீட்டரை வைத்துப் பனி முழுவதையும் உருக்கிவிடலாமே” என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மேலே எவ்வளவு வேகமாக உருக்குகிறீர்களோ, விளிம்பில் அவ்வளவு வேகமாக அணை வளரும். போதாக்குறைக்குத் தீ விபத்துக்கும் வழி செய்கிறீர்கள். குளிர்காலத்தில் அட்டிக் ஏறத்தாழ வெளிக்காற்றின் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். பனி கூரையின்மேல் பனியாகவே கிடக்க வேண்டும். அதற்கு முதலில் காற்று கசியும் துளைகளை அடைத்துவிடுங்கள். பிறகு வெப்பக்காப்பைக் கூட்டுங்கள். விளிம்பில் நுழையும் காற்று முகடு வழியே வெளியேறத் தடையில்லாமல் பாருங்கள். துளைகளை அடைக்காமல் பஞ்சை மட்டும் கொட்டி, விளிம்பிலுள்ள காற்றுவழியையும் அதே பஞ்சால் மூடிவிட்டுப் போகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். வேலை முடிந்ததும் நீங்களே எட்டிப் பாருங்கள்.

எடையைப் பொறுத்தவரை, பனியின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதிதாக விழுந்த பனி கனமீட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். பனிக்கட்டியோ 900 கிலோவைத் தாண்டும். கிடக்கும் பனியின்மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்து ஊறினால் சதுரமீட்டருக்கு 25 கிலோ கூடிவிடும், ஆனால் உயரம் கூடியிருக்காது. உயர்ந்த கூரையை ஒட்டியிருக்கும் தாழ்ந்த கூரையில் காற்று பனியைக் குவித்துவிடும் என்பதால், அந்த இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். கதவுகள் திடீரென்று இறுகுவதும், சுவரில் புதிய விரிசல் விடுவதும், மரச்சட்டங்கள் முறுகும் ஓசை கேட்பதும் எச்சரிக்கைகள். அப்போது பனியைத் தள்ளிக்கொண்டிருக்காமல் எல்லாரும் வெளியேறிவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

பனியைக் குறைக்க வேண்டுமானால், மின்கம்பிகள் அருகில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தரையில் நின்றபடியே நீண்ட கைப்பிடியுள்ள பனிவாரியால் இழுங்கள். ஷிங்கிள் தேயாமலிருக்க மெல்லிய படலத்தை விட்டுவிடுங்கள். ஏணியில் ஏறாதீர்கள். கோடரியால் வெட்டாதீர்கள், பனிக்கட்டியோடு ஷிங்கிளும் உடையும். சாதாரண உப்பைக் கொட்டினால் உலோகம் அரிக்கும், கீழே செடிகள் கருகும்.

ஹீட்டர், கொதிகலன் ஆகியவற்றின் புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் பாருங்கள். வாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறியும் அலாரத்தைப் படுக்கையறைகளுக்கு அருகில் பொருத்துங்கள். அது ஒலித்தால் காரணத்தைத் தேடிக்கொண்டிராமல் உடனே எல்லாரையும் வெளியே அழைத்துச் சென்று, அங்கிருந்து அவசர உதவியை அழையுங்கள்.