கால் தரையை விடும் நொடியில் முடிவாகும் ஃபவுல்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பள்ளி அணிகள் ஆடும் கூடைப்பந்துப் போட்டியை ஓரமாக நின்று பாருங்கள். ஒரு மாணவி ஓடிவந்து எகிறி, ரிங்குக்கு அருகிலிருந்தே பந்தைப் போடுகிறாள் (லே-அப்), தடுக்க வந்தவள்மேல் மோதி இருவரும் விழுகிறார்கள். உடனே இரண்டு பக்கமும் “சார், ஃபவுல்!” என்று கத்தல். விழுந்த வேகத்தைப் பார்த்துத்தான் நாம் தீர்ப்புச் சொல்கிறோம். நல்ல ரெஃப்ரிக்கு அரை நொடி முன்பே பாதி விடை தெரிந்திருக்கும். எகிறியவளின் கால் தரையை விட்டபோது தடுப்பவள் எங்கே நின்றாள்? கேள்வி அதுதான்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. கால் தரையை விட்டபின் உடலின் நிறைமையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) போகும் பாதையை யாராலும் மாற்ற முடியாது. கையை மடக்கலாம், இடுப்பைத் திருப்பலாம், அவ்வளவுதான். நிறைமையம் அரை மீட்டர் உயர்ந்தால், காற்றில் இருப்பது சுமார் 0.64 நொடி. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து எகிறியிருந்தால், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் தள்ளித்தான் இறங்குவாள். அதற்குள் தரையில் இருப்பவள் தாராளமாக ஓர் எட்டு வைத்துக் குறுக்கே வந்துவிடலாம். ஒருத்திக்கு விலக வழியே இல்லை, இன்னொருத்திக்கு இருக்கிறது.

அதனால்தான் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி, எகிறியவருக்கு இறங்கும் இடத்தையும் அதற்கான பாதையையும் தருகிறது. எகிறும்போதே அங்கே எதிரணியினர் நின்றிருக்கக் கூடாது, அவ்வளவே. முன்கூட்டியே இரண்டு காலையும் ஊன்றி, எதிரே பார்த்து நின்றவள்மேல் மோதினால் அது சார்ஜிங், அதாவது எகிறியவளின் ஃபவுல். எகிறியபின் குறுக்கே வந்திருந்தால் பிளாக்கிங், அதாவது தடுத்தவளின் ஃபவுல். சரியாக நின்றவள் அடிபடாமல் உடம்பைத் திருப்பிக்கொள்ளலாம், கையைத் தூக்கி நேர்மேலே குதிக்கவும் செய்யலாம். அந்தக் கை முன்னால் சாய்ந்து ஷூட்டரின் (பந்தை எறிபவளின்) கைமேல் விழுந்தால்தான் தப்பு. ரிங்குக்குக் கீழே மட்டும் கதை வேறு: 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தில் நிற்கும் டிஃபென்டர்மேல் (தடுப்பவர்மேல்) எகிறிவந்து மோதினாலும், ஷூட்டர் கை, கால், உடம்பை முறைகேடாகப் பயன்படுத்தாதவரை சார்ஜிங் கிடையாது.

எனக்கு மிகவும் கவலை தருவது ஜம்ப் ஷாட்டுக்கு (எகிறி, காற்றில் இருந்தபடியே பந்தை எறிவதற்கு) பிறகான இறக்கம். பந்து கையை விட்டதும் எல்லோர் கண்ணும் ரிங்குக்குப் போய்விடுகிறது. அப்போதுதான் டிஃபென்டரின் பாதம் ஷூட்டரின் காலடியில் நுழையும். 2017 மே மாதம் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அரையிறுதிக் கட்டத்தில் காவை லெனர்ட் இப்படித்தான் எதிரணி வீரர் ஸாஸா பச்சூலியாவின் பாதத்தின்மேல் இறங்கினார். கணுக்கால் பிசகி, அந்தத் தொடரில் அப்புறம் அவர் ஆடவே இல்லை. அடுத்த சீசனிலிருந்து இத்தகைய ஃபவுலுக்குக் கடுமையான தண்டனை தர ரெஃப்ரிகளுக்கு அதிகாரம் வந்தது. மரத்தளத்திலேயே இந்தக் கதி என்றால், நம் ஊர் சிமெண்ட் தரையில் கேட்கவே வேண்டாம். பந்து போர்டில் பட்ட பிறகும் இதற்கு விசில் ஊதியே ஆக வேண்டும்.

ஆகவே ரெஃப்ரியின் கண் பந்தோடு போகக் கூடாது. டிஃபென்டரின் காலையும் உடம்பையும் பார்த்துக்கொண்டு, ஷூட்டர் இறங்கி முடிக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். நேர் பின்னால் நின்றால் ஒரு முதுகு இன்னொன்றை மறைத்துவிடும். இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால், இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும். அதை மூடியது யார் என்பதும் தெரியும்.