மொத்தமே நாலு கிலோதானே அண்ணா?

இந்த மாதம் என்னிடம் உடைந்து வந்த மூன்றாவது மாதிரி ராக்கெட் இது. ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பதால் கல்லூரிப் பிள்ளைகள் எதையாவது கடைந்து தரச் சொல்லி வருவார்கள், உடைந்த பிறகும் என்னிடமே வருவார்கள். போன வாரம் வந்ததில் பாராசூட்டுக்கு ஒரு தையல்கூடப் பிரியவில்லை. அதைப் பிடித்திருந்த ஐ போல்ட்டின் காது, அதாவது போல்ட் தலையில் இருக்கும் வளையம், மட்டும் விரிந்து கேள்விக்குறி மாதிரி நின்றது. பாராசூட் மூக்குக்கூம்போடு மிதந்து போய்விட, உடல் ஒரு மாந்தோப்பில் முழ ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. காய் பறிக்கிறவர்கள் அன்றைக்கு அடுத்த தோப்பில் இருந்தார்கள்.

"மொத்தமே நாலு கிலோதானே அண்ணா, இந்த போல்ட் இருபது கிலோ தாங்கும்னு கடையில சொன்னாங்களே!"

தம்பி, நாலு கிலோ என்பது ராக்கெட் மேசையில் படுத்திருக்கும்போது. எருது விடும் விழா பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. நின்று அசைபோடுகிற மாட்டைச் சணல் கயிற்றில் கட்டினாலும் நிற்கும். அதே மாடு மிரண்டு ஓடி, கயிறு தீர்ந்து வெடுக்கென்று இழுத்தால் முளைக்குச்சியே பிடுங்கிக்கொண்டு வரும். மாட்டின் எடை அதற்குள் கூடியா போச்சு? ஒன்றரை மீட்டர் அகலப் பாராசூட், நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் விரிந்தால் இழுவை ஏறக்குறைய 78 கிலோ. 60 மீட்டர் வேகம் என்றால் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு, 300 கிலோவைத் தாண்டும். அவ்வளவு வேகம் எப்படி வரும் என்கிறீர்களா? உச்சியிலிருந்து விழ ஆரம்பித்து மூன்று நொடி பிந்தி விரிந்தாலே 30 வந்துவிடும், ஆறு நொடி என்றால் 60-ஐ நெருங்கும். போல்ட் வாங்கும்போது இந்தப் பிந்துகிற நாளை நினைத்து வாங்குங்கள்.

கம்பியை வளைத்துச் செய்த ஐ போல்ட்டில் காதின் வாய் மூடியிருக்காது, விரிவது அங்கேதான். ஃபோர்ஜிங் செய்தது, அதாவது காய்ச்சி அடித்து ஒரே துண்டாக எடுத்தது வாங்குங்கள், இல்லையா, இரண்டு காலிலும் நட்டு ஏறுகிற யூ போல்ட் போடுங்கள். வளைத்ததுதான் கிடைத்தது என்றால் வாயை வெல்டிங் வைத்து அடையுங்கள், ஆனால் முதலில் துத்தநாகப் பூச்சை அரைத்து எடுத்துவிட வேண்டும் (அவசரத்தில் அப்படியே வைத்து, அந்தப் புகையில் ஒரு ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் கிடந்திருக்கிறேன்).

போல்ட்டைப் பிடித்துக் குழாய்க்குள் ஒட்டுகிற பலகைக்குப் பின்னால் அகலமான வாஷரும், தானாகக் கழலாத நைலாக் நட்டும் கட்டாயம், இல்லாவிட்டால் போல்ட் பிளைவுட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பலகையை ஒட்ட எபாக்ஸி பசை பூசுமுன், ராக்கெட்டின் உடலான ஃபைபர் குழாயின் உள்பக்கத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். பளபளப்பின்மேல் பூசிவிட்டு அப்புறம் பசை சரியில்லை என்று வந்து நிற்காதீர்கள். அந்த ஐந்து நிமிடப் பசையும் வேண்டாம், ராத்திரி முழுக்கக் காய்கிற வகையைப் போடுங்கள். கயிற்றைப் போல்ட்டில் மாட்டுகிற குவிக் லிங்க் வளையத்தின் திருகு கடைசி மரை வரை மூடியிருக்கிறதா என்று ஏவுவதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள். ஷாக் கார்டு, அதாவது உடலையும் பாராசூட்டையும் இணைக்கிற கயிறு, ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று நாலு மடங்காவது இருக்கட்டும், குழாயில் அடங்கவில்லை என்று வெட்டாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பறக்கவிடும் முன் பலகையைக் குழாயோடு பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில் மாட்டி, நடுவே தொங்கு தராசு வைத்து இழுத்துப் பார்ப்போம், காசு வேண்டாம். பிய்ந்தால் இங்கேயே பிய்யட்டும்.