கான்பரன்ஸ் போய்வந்த கையோடு டீமைக் கலைக்காதீர்கள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எனக்கு ஒரே மாதிரியான போன் அழைப்புகள் வரும். மென்பொருளைச் சிறு சிறு படிகளாக, அடிக்கடி திருத்தியபடி உருவாக்கும் அஜைல் முறைக்கான அஜைல் அலையன்ஸ் அமைப்பு அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடத்தும் பெரிய மாநாடு முடிந்து மேனேஜர்கள் அலுவலகம் திரும்பும் காலம் அது. "சார், எங்க மேனேஜர் கான்பரன்ஸ் போயிட்டு வந்துட்டார். அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாமே மாறுதாம். நீங்க கொஞ்சம் பேசிப் பாக்குறீங்களா?" என்று யாராவது ஒரு டீம் லீட் கேட்பார். பல வருடங்களாக அஜைல் கோச்சாக இருக்கிறேன். இந்த அழைப்பு வராத வருடம் இல்லை. இந்த முறை வந்ததைக் கேட்ட பிறகு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் மென்பொருளைப் பராமரிக்கும் டீம். பாதிப் பேர் டெக்சாஸில், பாதிப் பேர் சென்னையில். ப்ரொடக்‌ஷன் டிக்கெட், அதாவது பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளில் ஏதாவது உடைந்தால் வரும் புகார், நாளெல்லாம் வந்துகொண்டே இருக்கும். காலையில் எது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கன்பான் பலகை வைத்து, ஒரே நேரத்தில் எத்தனை டிக்கெட்டைக் கையில் எடுக்கலாம் என்று வரம்பு போட்டு, ஓரளவு நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாநாட்டிலிருந்து திரும்பிய மேனேஜர் அந்த வாரமே பலகையை எடுத்துவிட்டார். இனி இரண்டு வார ஸ்பிரின்ட்: இரண்டு வாரத்துக்கான வேலையை முன்பே முடிவு செய்து, அதை மட்டும் முடிப்பது. டீமுக்கு ஸ்குவாட் என்று பெயர். டெஸ்டர்களைப் பிரித்து ஒரு சாப்டர், அதாவது ஒரே வகை வேலை செய்கிறவர்களின் குழு. ஸ்பிரின்ட் நடுவில் புது வேலை சேர்க்கக் கூடாது.

டிக்கெட் வருவது நிற்கவில்லை. பகலில் ஸ்பிரின்ட் வேலை, இரவில் டிக்கெட் என்று பார்த்தார்கள். ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் 'சொன்னதை முடிக்கவில்லை' என்று அறிக்கை. அனுபவமுள்ள டெஸ்டர் ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். அந்த மென்பொருளின் மறுமுனையில் மருத்துவச் செலவுப் பணத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

மேனேஜரிடம் பேசினேன். "அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இது வேலை செய்யுது, நமக்குச் செய்யாதா?" என்றார். என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் வாக்கியம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்குவாட், டிரைப், சாப்டர், கில்ட் என்று டீம்களுக்கும் குழுக்களுக்கும் வைக்கும் பெயர்களெல்லாம் பாட்டு கேட்கும் செயலியைச் செய்யும் ஸ்பாட்டிபை நிறுவனத்திலிருந்து வந்தவை. 2012 அக்டோபரில் ஹென்ரிக் க்னிபெர்க், ஆண்டர்ஸ் இவார்சன் இருவரும் எழுதிய ஒரு கட்டுரையால் அவை உலகம் முழுக்கப் பரவின. 3 நகரங்களில் 30-க்கும் மேற்பட்ட டீம்களாக வளர்ந்திருந்த, சொந்தமாக ஒரே பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் அது. தாங்கள் வேகமாக மாறிக்கொண்டிருப்பதாகவும், அந்தக் கட்டுரை அப்போதைய நிலையின் ஒரு படம் மட்டுமே, முடிந்துபோன பயணம் அல்ல என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. பாட்டு கேட்கும் செயலியைச் செய்தவர்கள் தங்களுக்கு இருந்த சிக்கலுக்குத் தாங்களே கண்ட ஏற்பாடு, வேறொருவரின் பழைய மென்பொருளைப் பராமரிக்கும் பத்துப் பேருக்கு ஏன் பொருந்தவேண்டும்? பெயரைக் கொண்டுவரலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த சுதந்திரத்தை, தானியங்கி டெஸ்ட்டுகளை, கேட்காமலே ரிலீஸ் செய்யும் உரிமையைக் கொண்டுவந்தீர்களா? இந்த டீமின் ரிலீஸ், வாரத்துக்கு ஒருமுறை கூடும் அனுமதிக் குழுவுக்காகக் காத்திருக்கிறது. டெஸ்ட் சர்வரை இன்னும் சில டீம்களோடு பங்குபோடுகிறார்கள். வலி அங்கே இருக்கிறது. ஸ்குவாட் என்று அழைத்தால் அது தீருமா?

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் மலை விடுதியில் கூடி, அஜைல் முறைக்கு அடித்தளமான அஜைல் அறிக்கையை எழுதிய 17 பேரில் மார்ட்டின் பவுலரும் ஒருவர். 2018-இல் மெல்போர்னில் நடந்த அஜைல் ஆஸ்திரேலியா மாநாட்டு மேடையில் அவர் முதல் சிக்கலாகச் சொன்னதே, வேலைமுறைகளை டீம்கள் மேல் திணிப்பதைத்தான். எப்படி வேலை செய்வது என்பதை வேலை செய்கிறவர்களே முடிவு செய்யவேண்டும் என்றார். அறிக்கையோடு வந்த 12 கொள்கைகளில் கடைசியும் அதைத்தான் சொல்கிறது: டீம் அவ்வப்போது தன்னைத் திரும்பிப் பார்த்து, தன் நடைமுறையைத் தானே திருத்திக்கொள்ளும். மாநாட்டுக்குப் போய்வந்தவர் திருத்துவார் என்று எங்கும் இல்லை.

மேடையில் வருவது எது என்பதையும் யோசியுங்கள். வெற்றிபெற்ற கதைகளே பெரும்பாலும் தேர்வாகின்றன. மூன்று வருடத் தடுமாற்றம் எழுபத்தைந்து நிமிடத்துக்குள் சுருங்கும்போது முதலில் விழுவது சண்டைகள், பின்வாங்கல்கள், போய்விட்ட ஆட்கள். பேச்சாளர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பலரும் நேர்மையானவர்கள். அவர்களைத் தேநீர் நேரத்தில் பிடித்துக் கேளுங்கள்: இதைத் தொடங்கும் முன் உங்கள் ரிலீஸ் எப்படி இருந்தது? எதை முயன்று கைவிட்டீர்கள்? இன்றும் எது சரியாகவில்லை? மேடையில் சொல்லாததை அங்கே மனம்விட்டுச் சொல்வார்கள். மாநாட்டுக் கட்டணத்தின் பெரும்பகுதி என்னைப் பொறுத்தவரை அந்த வராந்தாவுக்குத்தான்.

ஒரு ஸ்பிரின்ட்டில் டீம் முடித்த வேலையின் அளவை ஸ்டோரி பாயின்ட் என்ற எண்ணில் சொல்லும் வெலாசிட்டி பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு டீம்களின் வெலாசிட்டியை ஒப்பிடும் அட்டவணையோடு திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். ஒப்பிடத் தொடங்கிய அடுத்த ஸ்பிரின்ட்டிலேயே மூன்று பாயின்ட் வேலை ஐந்தாகிவிடும். ஸ்டோரி பாயின்ட்டைத் தான்தான் கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் இப்போது வருந்துகிறேன் என்று ரான் ஜெப்ரீஸே எழுதிவிட்டார். அவரும் அந்த 17 பேரில் ஒருவர்.

சரி, போகாமல் இருக்கவேண்டுமா? கண்டிப்பாகப் போங்கள். ஸ்பிரின்ட்டுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறை முதன்முதலில் பொதுவெளியில் வந்ததே 1995-இல் ஆஸ்டினில் நடந்த ஒரு மாநாட்டில்தான். மாநாடுகள் இந்தத் தொழிலுக்கு நிறையக் கொடுத்திருக்கின்றன. ஆனால் போகும் முன் டீமை உட்காரவைத்து, "உங்களுக்கு இப்போ எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். அந்தப் பதிலோடு நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பத்துக்கும் மேற்பட்ட அறைகளில் அமர்வுகள் நடக்கும். கேள்வி இல்லாமல் போனால், பிரபலமானவர் பேசும் அறையிலேயே ஐந்து நாளும் போய்விடும்.

அறைக்குள் போனபின் இது நமக்கு உதவாது என்று தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் எழுந்தால் மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் கடைசிவரை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை அமைத்துக்கொள்ளும் ஓப்பன் ஸ்பேஸ் கூட்டங்களில், கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் வேறு இடத்துக்குப் போ என்பதே விதி. இந்த மாநாடுகளில் மற்ற அறைகளிலும் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கண்காட்சி அரங்கில் பரிசுப் பைக்காக உங்கள் பேட்ஜை ஸ்கேன் செய்யக் கொடுக்கும் முன் ஒரு நொடி நில்லுங்கள். அப்புறம் மாதக்கணக்கில் விற்பனை அழைப்புகள் வரும். அங்கே எந்த மென்பொருளையும் வாங்குவதாக வாக்குக் கொடுக்காதீர்கள், அதை நாள்தோறும் பயன்படுத்தப்போகிறவர்கள் பார்க்கும்வரை. சான்றிதழைப் புதுப்பிக்கும் புள்ளிகளுக்காக மட்டும் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: பிஎம்பி என்ற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழுக்கு 3 ஆண்டில் 60 பிடியு, அதாவது அந்தப் புள்ளிகள், வேண்டும், உண்மைதான். அதை வீட்டிலிருந்தே சேர்த்துவிடலாம். அந்த இடத்தை டீமில் வேறொருவருக்குக் கொடுங்கள்.

திரும்பியதும் தயவுசெய்து முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். டீம் தன் வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டமான அடுத்த ரெட்ரோவில் நீங்கள் கேட்ட இரண்டு மூன்று விஷயங்களைக் கதையாகச் சொல்லுங்கள், பரிந்துரையாக வேண்டாம். அவர்களுக்கு ஏதாவது பிடித்தால் அவர்களே ஒன்றை எடுக்கட்டும். ஒன்று மட்டும். எத்தனை வாரம் பார்ப்பது, எது நடந்தால் நிறுத்திவிடுவது என்று தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். எதுவும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பயணச் செலவை நியாயப்படுத்தவேண்டிய கடமை டீமுக்கு இல்லை.

மேலே இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. அடுத்த முறை மேனேஜரோடு ஒரு டெஸ்டரையோ டெவலப்பரையோ அனுப்புங்கள். விசா, பட்ஜெட் இடம்கொடுக்கவில்லை என்றால், அஜைல் அலையன்ஸ் தளத்தில் இந்த மாநாட்டு அனுபவ அறிக்கைகள் பல வருடங்களுக்கானவை இருக்கின்றன. வேலை செய்தவர்களே, ஒரு வழிகாட்டியின் துணையோடு திரும்பத் திரும்பத் திருத்தி எழுதியவை. தோல்விகளும் அவற்றில் வரும். மாதம் ஒன்றை எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீமோடு சேர்ந்து படியுங்கள். அந்தக் காப்பீட்டு டீமுக்கு இப்போது அதைத்தான் சொல்லியிருக்கிறேன். கன்பான் பலகையைத் திரும்ப வைக்க மேனேஜர் ஒப்புக்கொண்டுவிட்டார். டெஸ்ட் சர்வர் பற்றிய பேச்சு இந்த வாரம்தான் தொடங்குகிறது.