தனியார்மயம்: சொல்லும் அதன் எல்லையும்

ஆங்கிலத்தின் 'பிரைவடைசேஷன்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தனியார்மயமாக்கல்' என்றும், இலங்கைத் தமிழ் ஏடுகள் பெரும்பாலும் 'தனியார்மயப்படுத்தல்' என்றும் எழுதுகின்றன. தொழிற்சங்கத் துண்டறிக்கைகளில் அது 'தாராளமயம்', 'உலகமயம்' ஆகிய இரண்டோடும் சேர்ந்து 'தனியார்மயம்' என்று சுருங்கி வரும். அரசோ உள்ளாட்சியோ நடத்திவரும் தொழிலை அல்லது சேவையைத் தனியார் கைக்கு மாற்றுவது என்பதே இவற்றின் பொதுப்பொருள். ஆனால் அந்தப் பொதுப்பொருளுக்குள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்ட பல செயல்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பெயரிடாததாலேயே இதைப் பற்றிய வாதங்கள் பல, எதிரெதிர்ப் பொருளைப் பேசிக்கொண்டு நகராமல் நிற்கின்றன என்பது என் கருத்து.

முதலில் தமிழ்ச் சொல்லின் உறுப்புகளைப் பார்ப்போம். 'தனி' என்பது 'தான்', 'தன்' என்பவற்றோடு உறவுடைய பழஞ்சொல். அதனோடு 'ஆர்' என்ற உயர்திணை விகுதி சேர்ந்து 'தனியார்' ஆகிறது. ஒற்றை மனிதரும், குடும்ப நிறுவனமும், பங்குச் சந்தையில் பல்லாயிரம் பங்குதாரர்களைக் கொண்ட பெருங்குழுமமும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், யாருக்கு மாற்றப்படுகிறது என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. 'மயம்' வடமொழி விகுதி. நிறைந்திருத்தல், அதுவாகவே ஆகிவிடுதல் என்று பொருள்படும். ஒரு ரயில் பாதை மின்மயமாகிறது என்றால் அந்தப் பாதை முழுவதிலும் மின்கம்பி செல்கிறது என்று புரிந்துகொள்கிறோம். 'தனியார்மயம்' என்ற சொல்லும் அவ்வாறே முழுமையான ஒரு நிலையைக் காட்டுகிறதே தவிர, எது கைமாறியது, எந்த அளவில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைக் காட்டுவதில்லை. இதன் எதிர்ச்சொல்லான 'நாட்டுடைமையாக்கம்' இந்த வகையில் மேலானது. பாரதியின் படைப்புகள் நாட்டுடைமையானதும், 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானதும் நமக்கு உடனே விளங்குவதற்குக் காரணம், மாறியது உடைமை என்பதை அந்தச் சொல்லே கூறிவிடுவதுதான்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். 'பிரிவுஸ்' என்றால் தனித்த, ஒருவருக்கே உரிய என்று பொருள். அதிலிருந்து வந்த 'பிரிவாரே' என்ற வினைக்குப் பிரித்தல், இழக்கச் செய்தல் என்ற பொருள்கள் உண்டு. 'பிரிவாட்டுஸ்' என்பது உரோமில் அரசுப் பதவி எதுவும் வகிக்காத குடிமகனைக் குறித்தது. பொருளியல் வழக்கில் இந்தச் சொல் வேரூன்றியதற்கு 1930களின் ஜெர்மனியே முக்கியமான இடம். உலகப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசின் கைக்கு வந்திருந்த பெரிய வங்கிகளின் பங்குகள் மீண்டும் தனியாருக்கு விற்கப்பட்டபோது, அங்கே அதற்கு, 'மீண்டும்' எனப் பொருள்படும் முன்னொட்டோடு, 'மீண்டும் தனியார்மயமாக்கல்' என்ற பொருளில் பெயரிட்டார்கள். பிரிட்டனிலோ, 1953இல் உருக்குத் தொழில் திருப்பி விற்கப்பட்ட காலத்தில் வழங்கியது 'நாட்டுடைமை நீக்கம்' என்ற பொருளுடைய சொல்தான். 1980களில் பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு தொலைபேசி, எரிவாயு, குடிநீர் என்று வரிசையாக விற்ற பிறகே இன்றைய சொல் உலக வழக்காயிற்று.

இந்தியாவில் 1991க்குப் பிறகு அரசு ஆவணங்கள் அதிகமாகப் பயன்படுத்தியது 'பங்கு விலக்கல்', அதாவது அரசு தன்னிடமுள்ள பங்குகளில் ஒரு பகுதியை விற்பது, என்ற பொருளுடைய சொல்லையே. தனியார்மயமும் பங்கு விலக்கலும் ஒன்றல்ல. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா முழுமையாக டாட்டா குழுமத்துக்குச் சென்றது. 18,000 கோடி ரூபாய் என்ற ஏல மதிப்பில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வதாகவும், 2,700 கோடி ரொக்கமாகவும் இருந்தது. டாட்டா தொடங்கி, 1953இல் நாட்டுடைமையான நிறுவனம் அது என்பதால், அந்தப் பழைய ஜெர்மன் சொல்லே அதற்கு மிகப் பொருத்தமானது. அதே 2022இல் எல்.ஐ.சி.யின் 3.5 விழுக்காட்டுப் பங்கு மட்டும் விற்கப்பட்டது; நிறுவனம் அரசின் கையிலேயே இருக்கிறது. இந்த வேறுபாட்டை நெய்வேலி இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2013இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் 3.56 விழுக்காட்டுப் பங்கை மத்திய அரசு விற்க முனைந்தபோது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ்நாடு அரசோ தன் பொதுத்துறை நிறுவனங்களைக் கொண்டு சுமார் 358 கோடி ரூபாய்க்கு அந்தப் பங்குகளை வாங்கச் செய்தது. மத்திய அரசின் பார்வையில் அது பங்கு விலக்கல். ஆனால் ஒரு பங்குகூடத் தனியாருக்குப் போகவில்லை.

எதிர்ப்பாளர்களின் மொழியில் இதற்கு வேறொரு வழக்கு உண்டு: 'தனியாருக்குத் தாரை வார்த்தல்'. கையில் நீர் வார்த்துக் கொடுக்கும் தானத்துக்கு விலை இல்லை, திரும்பப் பெறுவதும் இல்லை. ஆகவே இந்தத் தொடர், விலை போதவில்லை, மீட்க வழியில்லை என்ற இரண்டு குற்றச்சாட்டுகளையும் ஒருங்கே சுமக்கிறது. அது வெறும் மேடைப் பேச்சு அல்ல என்பதற்குக் குடிநீர் நல்ல சான்று. 1989இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த பத்து வட்டாரக் குடிநீர் ஆணையங்களைப் பிரிட்டிஷ் அரசு அணை, குழாய், கழிவுநீர் நிலையம் அனைத்தோடும் விற்றது. விற்கும் முன் சுமார் 500 கோடி பவுண்டு கடனை அரசே தள்ளுபடி செய்தது. பாரிஸ் நகரம் 1985இல் செய்தது வேறு. குடிநீர் வழங்கும் பணியை ஆற்றின் இரு கரைகளுக்கும் தனித்தனியாக இரண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டது, உடைமையை விற்கவில்லை. 2009 இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிந்ததும், 2010 ஜனவரி முதல் நகராட்சி நிறுவனமே முழுப் பணியையும் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் 'தனியார்மயம்' என்ற ஒரே சொல்லால் எழுதினால், குடிநீர்ப் பணியைத் திரும்பப் பெறுவது பாரிசுக்கு எளிதாகவும் இங்கிலாந்துக்கு அரிதாகவும் இருப்பதன் காரணம் வாசகருக்குப் புலப்படாது.

அதற்காக உடைமை மாறினால் மட்டுமே தனியார்மயம் என்று வரையறுத்துவிடவும் கூடாது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாயிலில் இரவு பகலாக அமர்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அங்கே தெருவோ குப்பைக்கிடங்கோ விற்கப்படவில்லை. குப்பை அள்ளும் கடமையும் சட்டப்படி மாநகராட்சிக்கே உரியது. மாறியது முதலாளி. மாதம் சுமார் 23,000 ரூபாய் பெற்றுவந்த தங்களுக்குத் தனியார் நிறுவனத்தின் கீழ் ஏறத்தாழ 17,000 ரூபாயே கிடைக்கும் என்று அவர்கள் கூறினர். உடைமையைக் காட்டி, இது வெறும் ஒப்பந்தம்தான், தனியார்மயம் அல்ல என்று ஒருவர் வாதிட முடியும். ஆனால் துடைப்பம் பிடிக்கும் பெண்ணுக்கு ஊதியம் தருபவர் யார், பணிநிரந்தரம் கேட்டு எந்த வாசலுக்குப் போவது என்பவைதான் முழு உண்மை. அவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது சரியே.

ஆகவே, பரந்த பொருளில் 'தனியார்மயம்' நிலைபெற்றுவிட்ட சொல். அதை அகற்ற வேண்டியதில்லை. வடமொழி விகுதியைத் தவிர்க்க விரும்புவோர் 'தனியாராக்கம்' என்று எழுதலாம். செய்தியிலும் ஆவணத்திலும் நிகழ்ந்த செயலைச் சுட்டும்போது மட்டும் குறுகிய சொல்லே வேண்டும்: நிறுவனம் முழுமையாகவோ பெரும்பங்காகவோ விற்கப்பட்டால் 'தனியாருடைமையாக்கம்', கட்டுப்பாடு அரசிடமே இருக்கச் சிறுபங்கு விற்கப்பட்டால் 'பங்கு விலக்கல்', குறித்த காலத்துக்கு இயக்கும் உரிமை மட்டும் தரப்பட்டால் 'தனியார் குத்தகை', ஆட்களையும் பணியையும் நிறுவனத்தின் வழியே பெற்றால், தமிழ்நாடு அரசாணைகள் ஏற்கெனவே பயன்படுத்தும் 'வெளிமுகமை'. எழுதும்போது 'தனியார் மயம்' என்று இடைவெளி விட்டுப் பிரிப்பது பிழை. 'தனியார்மயம்', 'தனியார்மயமாக்கல்' என்று சேர்த்தே எழுத வேண்டும்.