குவேமுல்: பேயா, அரக்கனா, பேய்விலங்கா?

நாம் மான்ஸ்டர் என்கிறோமே, அதற்குக் கொரிய மொழியில் ‘குவேமுல்’ என்று பெயர். சீன எழுத்துகளிலிருந்து பிறந்த சொல். ‘முல்’ என்றால் பொருள், வஸ்து. ‘குவே’ என்றால் இயல்புக்கு மாறான, விபரீதமான. ராட்சத ஜந்துக்களை ஜப்பானியர் ‘கைஜு’ என்பார்கள்; அதில் உள்ள ‘கை’யும் இதே எழுத்துதான்.

இந்தக் ‘குவே’ முன்னொட்டாக வேறு சொற்களிலும் ஒட்டிக்கொள்ளும். ‘குவேதாம்’ என்றால் திகில் கதை. ஆதாரமில்லாத வதந்திக்கும் அதே சொல்தான். போங் ஜூன் ஹோ 2006இல் எடுத்த ‘குவேமுல்’ படத்தில் (வெளிநாடுகளில் ‘தி ஹோஸ்ட்’) இரண்டுமே உண்டு. 2000இல் சியோலின் யோங்சான் அமெரிக்க ராணுவ முகாமில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனத்தை வடிகாலில் கொட்டினார்கள். நடந்த விஷயம் இது. படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாட்டில்களில் தூசி படிந்திருக்கிறதாம், அதனால் தொட்டியில் ஊற்றிவிடு என்கிறார் அமெரிக்க அதிகாரி. கொரிய உதவியாளர் தயங்குகிறார், பிறகு ஊற்றுகிறார். வரிசையாகக் காலி பாட்டில்கள். பிறகு, அந்த வடிகால் போய்ச் சேரும் ஹான் ஆற்றிலிருந்து ஒரு விபரீத ஜந்து கரையேறுகிறது. அதனிடமிருந்து வைரஸ் பரவுகிறது என்று அரசு எல்லோரையும் அடைத்து வைக்கிறது. வைரஸே கிடையாது. ஜந்து தூக்கிப்போன மகள் உயிரோடு இருக்கிறாள், போன் செய்தாள் என்று அப்பன் கதறுகிறான்; கேட்க ஆளில்லை. எனக்கு அந்த ஜந்துவைவிட இந்தக் காட்சிதான் நடுக்கம் தந்தது. அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்லும் நான்கில் விலங்கும் உண்டு, அரசனும் உண்டு. அரசைக் கேலி செய்யும் அங்கதம் இந்தப் படத்தில் தனியாக ஒட்டவைத்ததாகத் தெரியாததற்கு அதுவே காரணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அரக்கன், அசுரன் என்றால் குலம், பெயர், வாங்கிய வரம் எல்லாம் கூடவே வரும். குவேமுலுக்கு அப்படி எதுவும் இல்லை, பசி மட்டும்தான். பூதம் புதையல் காக்கப் போய்விடும். வெறும் விலங்கு என்றால் விபரீதம் விட்டுப்போகிறது.

நம்மிடமும் ‘குவே’ போல ஒரு முன்னொட்டு இருக்கிறது: பேய். பேய்மழை என்றால் யாரும் ஆவியை நினைப்பதில்லை. அளவு மீறிக் கொட்டும் மழை, அவ்வளவுதான். பேய்ச்சுரை பார்வைக்குச் சுரைக்காய், வாயில் வைத்தால் கசப்பு. இயல்பு திரிந்தது என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. ஆகவே என் தேர்வு பேய்விலங்கு. ‘ஹான் ஆற்றில் ஒரு பேய்விலங்கு’ என்று எழுதிப் பாருங்கள். பக்கத்தில் மான்ஸ்டர் என்று போட்டு விளக்க வேண்டியிருக்காது.