சஸ்பீரியாவின் சிவப்பு எங்கிருந்து வந்தது?

தாரியோ அர்ஜென்டோ இயக்கத்தில் 1977-ல் வெளிவந்த இத்தாலியப் படம் ‘சஸ்பீரியா’. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்துப் பாலே பள்ளிக்கு ஒரு அமெரிக்கப் பெண் வருகிறாள். பள்ளியை நடத்துவதோ சூனியக்காரிகள். கதை அவ்வளவுதான், அதிலும் ஓட்டைகள் ஏராளம். ஆனால் அந்தப் படத்தின் சிவப்பைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

பாதி வேலை படப்பிடிப்புத் தளத்திலேயே நடந்தது. ஒளிப்பதிவாளர் லூசியானோ தொவோலி பலமான விளக்குகளுக்கு முன்னால் வண்ணத் துணிகளை விரித்து, அவற்றை நடிகர்களின் முகத்துக்கு மிக அருகில் வைத்தார். மீதி வேலை ரோமிலிருந்த டெக்னிகலர் நிறுவனத்தின் லேபில், திரையரங்குக்கான பிரிண்ட் போடும்போது.

அப்போது எங்கும் புழங்கிய வண்ணப்பட முறை ஈஸ்ட்மென் கலர். நம் பழைய படங்களின் டைட்டிலில் பெருமையாகப் போடுவார்களே, அதேதான். அதில் பிரிண்டைக் கழுவும்போது ரசாயன வினையால் படச்சுருளுக்குள்ளேயே சாயம் உருவாகும். டெக்னிகலரின் பழைய முறையில் சாயம் வெளியே தயாராகும், படம் அச்சடிக்கப்படும்.

நெகட்டிவிலிருந்து சிவப்பு, பச்சை, நீல ஒளியில் தனித்தனியாக மூன்று ‘மேட்ரிக்ஸ்’ சுருள்கள் எடுப்பார்கள். ஒளி பட்ட இடத்தில் ஜெலட்டின் இறுகும். படாத இடம் வெந்நீரில் கரைந்து போகும். மிஞ்சுவது மேடுபள்ளமான ஒரு பரப்பு. மேடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு சாயத்தை உறிஞ்சும். சயான் (பச்சை கலந்த நீலம்), மஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் சாயங்களில் ஊறிய இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, வெற்றுச் சுருள்மேல் ரப்பர் ஸ்டாம்ப் போல அழுத்துவார்கள். மயிரிழை விலகினாலும் உருவம் கலங்கிவிடும்.

திரையில் சிவப்பு தெரிய மஜந்தாவும் மஞ்சளும் நிறைய வேண்டும். சயான் அறவே கூடாது. கொஞ்சம் கலந்தாலும் சிவப்பு மங்கிவிடும். இங்கே மூன்று மேட்ரிக்ஸும் தனித்தனி என்பதால் ஒவ்வொன்றின் கான்ட்ராஸ்டையும் (வெளிச்சத்துக்கும் இருளுக்குமான வேறுபாடு) தனியே கூட்டலாம், குறைக்கலாம். சாயத்தையும் அதன் தூய்மை பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். இரண்டுமே ஈஸ்ட்மென் பிரிண்டில் எளிதல்ல.

இன்னொரு லாபம், ஆயுள். ஈஸ்ட்மென் பிரிண்டுகளில் சயான் முதலில் வெளுத்துப்போய், பழைய படங்கள் ரோஜா நிறத்துக்கு மாறுவதைப் பார்த்திருப்போம். டெக்னிகலர் அச்சுகள் பல பத்தாண்டுகள் தாங்குகின்றன.

சஸ்பீரியாவைப் படமெடுத்தது என்னவோ ஈஸ்ட்மென் நெகட்டிவில்தான். அதனால் இன்று அந்த நெகட்டிவை ஸ்கேன் செய்தால் மட்டும் அந்தச் சிவப்பு கிடைத்துவிடாது. அச்சில் ஏறிய நிறத்தைக் கணினியில் மறுபடி உருவாக்கியாக வேண்டும்.