ஆப்சென்ட்: வராமையா, இல்லாமையா?

பள்ளியிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் புழங்கும் ‘ஆப்சென்ட்’ இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். இலத்தீனில் ‘ஆப்’ என்பது விலகலையும் ‘எஸ்ஸே’ என்பது இருத்தலையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்த வினையின் எச்ச வடிவம் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. ஆகவே ‘விலகி இருப்பவர்’ என்பதே அதன் வேர்ப்பொருள்.

இதற்கு ‘இல்லாமை’ என்று எழுதுவது பொருந்தாது. தமிழில் இல்லாமை வறுமையைக் குறிக்கும். ஒன்று அறவே இல்லை என்பதையும் குறிக்கும். பொருந்தும் சொல் ‘வராமை’. அதன் இலக்கிய வடிவம் ‘வாராமை’. “செல்லாமை உண்டேல் எனக்குரை” என்னும் குறளில் (1151) ‘செல்’ எதிர்மறைத் தொழிற்பெயராவது போலவே ‘வா’வும் வாராமை ஆகிறது. மக்கள் வழக்கும் இதையே காட்டுகிறது. காரைக்குடிப் பக்கத்து வகுப்பறையில் ஆசிரியர் பெயர் வாசிக்கும்போது வந்திருக்கும் மாணவன் ‘உள்ளேன் ஐயா’ என்பான். வராதவனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் ‘வரலைங்கய்யா’ என்பானே தவிர, ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தமாட்டான். வர வேண்டிய ஒருவரை எதிர்பார்த்திருப்பவரின் நிலையிலிருந்து எழுந்த சொல் ‘வராமை’.

அந்த எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ‘வராமை’ பொருந்தாது என்பதற்கு ‘ஆப்சென்ட்டீ’ சான்று. அயர்லாந்தில் நிலம் வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த உடைமையாளர்களை அச்சொல் குறித்தது. ‘ஆப்சென்ட்டீயிசம்’ என்பதும் முதலில் அவர்களைப் பற்றியதாக இருந்து, பிறகே தொழிலாளருக்கு ஆயிற்று. பர்மாவில் கடன் கொடுக்கும் தொழில் செய்த நகரத்தார்களையும் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பொருளியல் வரலாற்றில் இச்சொல்லால் சுட்டுவர். 1929க்குப் பின் வந்த உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடன்பட்ட உழவர்கள் திருப்பிச் செலுத்த இயலாமல் போனபோது, ஈடாக இருந்த வயல்கள் செட்டியார் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலவுடைமை 1937 வாக்கில் 25 விழுக்காடாயிற்று. இவர்களை ‘வராதவர்’ என்றால் பொருளே திரிந்துவிடும். ‘அயல்வாழ் நில உடைமையாளர்’ என்பதே சரியென்று கருதுகிறேன்.

அதே மனிதருக்குச் செட்டிநாட்டில் வேறு கணக்கு. தொழிலுக்காகக் கடல் கடந்து போனவரை ‘கொண்டுவிற்கப் போயிருக்கிறார்’ என்றே சொன்னார்கள். மணமான ஆண் ஒரு ‘புள்ளி’, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். அவர் இரங்கூனில் இருந்தாலும் ஊர்க்கோயில் கணக்கில் அவருடைய புள்ளி நிற்கும், வரியும் அவர் பெயரில் உண்டு. ஆப்சென்ட் என்று குறிக்க அங்கே இடமே இல்லை.

அலுவலக வழக்கில் இன்னொரு தெளிவும் வேண்டும். முறையாக எழுதிக் கொடுத்து நிற்பது விடுப்பு. அதனை வராமை என்று பதிவது தவறு. பள்ளிக்குப் புறப்பட்டு வேறெங்கோ போவதற்கு ‘மட்டம் போடுதல்’ என்னும் நல்ல வழக்கு இருக்கிறது. தகவல் இன்றி, காரணமும் தெரியாமல் ஒருவர் வாராதிருப்பதற்கே பதிவேட்டில் ‘வராமை’ என்று எழுத வேண்டும்.